நேரங்கெட்ட நேரத்தில் ஓர் இன்டரப்ட்: கர்னலைச் சோதிப்பது எப்படி

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை எழுதுகிறவர்கள் எதையும் லேசில் நம்ப மாட்டார்கள். பயனர் நிரல் கொடுக்கும் முகவரியைச் சரிபார்ப்பார்கள். நீளத்தைச் சரிபார்ப்பார்கள். வட்டில் எழுதியிருக்கும் ஓர் எண்ணைக்கூடச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். ஆனால் இன்டரப்ட், அதாவது ‘ஓடுவதை நிறுத்திவிட்டு என்னைக் கவனி’ என்று சாதனம் பிராசஸருக்கு அனுப்பும் சைகை, என்று வந்துவிட்டால் கதையே வேறு. வன்பொருள் கூப்பிட்டது, அதைக் கவனிப்பதற்கான ஹேண்ட்லர் என்ற நிரல் பகுதி ஓடுகிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே அந்தச் சாதனம்தான் கூப்பிட்டதா, இந்த நேரத்தில் அது கூப்பிட ஏதாவது காரணம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிற வழக்கம் குறைவு.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப் போவதில்லை. சோதிப்பவருக்கு அதுதான் தலைவலி. ஒழுங்காக வேலை செய்யும் நெட்வொர்க் கார்டு ஒன்று லட்சக்கணக்கில் இன்டரப்ட் அனுப்பினாலும், ஏறக்குறைய எல்லாமே கர்னலுக்குத் தோதான நேரத்தில் வந்து விழும். பிழை ஒளிந்திருக்கும் இடமோ இரண்டு கட்டளைகளுக்கு நடுவே உள்ள, சில நானோவினாடி மட்டுமே திறந்திருக்கும் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் இன்டரப்ட் தானாக விழும்வரை காத்திருந்தால், அது சோதனைக்கூடத்தில் விழாது. என்றோ ஒருநாள், யாரோ ஒருவருடைய சர்வரில், நள்ளிரவில் விழும். மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் முடியாது.

இந்தக் கவலை புதிதும் அல்ல. 1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் அதில் இன்டரப்ட் வசதி வைக்கலாம் என்றார்கள். மென்பொருள் எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. திரும்ப வரவழைக்கவே முடியாத பிழைகள் அவர் கண்முன் வந்து போயின, பயந்துபோனார். கொஞ்ச காலம் தட்டிக்கழித்துவிட்டு ஒருவழியாக ஒப்புக்கொண்டார். 1959இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு, அந்த இயந்திரத்துக்கு அவர் எழுதிய இன்டரப்ட் ஹேண்ட்லரைப் பற்றியது.

இன்று நாம் காத்திருப்பதில்லை. இன்டரப்டை நாமே தயாரித்து, நமக்கு வேண்டிய இடத்தில் புகுத்திப் பார்க்கிறோம். புகுத்துவது ஒரு வரி வேலை. புகுத்தியது நிஜமான இன்டரப்ட் வந்த அதே தடத்தில் வர வேண்டும், நிஜத்தில் வரக்கூடிய நேரத்தில் வர வேண்டும், வந்தபின் எது சரி, எது தப்பு என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். உழைப்பெல்லாம் அங்கேதான் போகிறது.

ஓர் இன்டரப்ட் உள்ளே வரும் தடம்

இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ள எக்ஸ்86 பிராசஸரையே எடுத்துக்கொள்வோம். அதில் இன்டரப்ட்களுக்கு 0 முதல் 255 வரை 256 வெக்டர் எண்கள் உண்டு. முதல் 32 எண்கள் பிராசஸரின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டவை: 0 என்றால் வகுத்தல் பிழை, 2 என்றால் என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்), 14 என்றால் பேஜ் ஃபால்ட் (தொட்ட நினைவக முகவரியை அணுக முடியாமல் போவது). 32 முதல் மேலே உள்ளவற்றைக் கர்னல் தன் விருப்பப்படி சாதனங்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பிராசஸருக்குள் தனித்தனியாக இயங்கும் ஒவ்வொரு கோருக்கும் லோக்கல் ஏபிக் என்ற இன்டரப்ட் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் 256 பிட் அகலமுள்ள இரண்டு ரெஜிஸ்டர்களை (வன்பொருளுக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களை) மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்ஆர் என்பது வந்து காத்திருக்கும் இன்டரப்ட்களின் கணக்கு. ஐஎஸ்ஆர் என்பது இப்போது கவனிக்கப்பட்டுக்கொண்டிருப்பவற்றின் கணக்கு. ஒரு சாதனம் 48ஆம் வெக்டரை அனுப்பினால் ஐஆர்ஆரில் 48ஆம் பிட் எரியும். இன்டரப்ட்களை அனுமதிப்பதா என்று சொல்லும் பிராசஸரின் இன்டரப்ட் கொடி திறந்திருந்து, அதைவிட முன்னுரிமை கூடிய வேலை எதுவும் நடக்கவில்லை என்றால், அந்த பிட் ஐஆர்ஆரிலிருந்து ஐஎஸ்ஆருக்கு மாறும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரலின் திரும்பும் முகவரி, கொடிகள், ஸ்டாக் முகவரி எல்லாவற்றையும் பிராசஸர் கர்னல் ஸ்டாக்கில் (தற்காலிகக் குறிப்புகளுக்கான நினைவகப் பகுதியில்) தள்ளிவிட்டு ஹேண்ட்லருக்குத் தாவும். வேலை முடிந்ததும் கர்னல் ஏபிக்குக்கு ‘முடிந்தது’ என்று எழுதும். இதற்கு ஈஓஐ என்று பெயர். அது எழுதப்பட்டவுடன் ஐஎஸ்ஆரில் எரிந்துகொண்டிருப்பவற்றில் ஆக உயர்ந்த பிட் அணையும்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்த வெக்டர் முடிந்தது என்று ஈஓஐ சொல்வதில்லை. மேலே இருப்பதை அணை என்பது மட்டுமே அதன் பொருள். கர்னலின் கணக்கும் ஏபிக்கின் கணக்கும் எப்போதும் பொருந்தியிருக்கும் என்ற அனுமானத்தில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. சோதனை என்ற பெயரில் நாம் செய்யும் அசட்டுத்தனங்கள் பலவும் இந்தக் கணக்கைக் குலைப்பவைதான்.

எந்த இடத்தில் புகுத்துவது

இருப்பதிலேயே சுலபமான வழி, ஹேண்ட்லர் ஃபங்ஷனைச் சும்மா கூப்பிட்டுவிடுவது. சாதனத்தை இயக்கும் டிரைவரின் தர்க்கத்தை மட்டும் பார்க்க இது போதும். கர்னலைச் சோதித்தோம் என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. நுழைவுப் பகுதியின் அசெம்பிளி ஓடவில்லை, ஸ்டாக் மாறவில்லை, ஏபிக்குக்கு விஷயமே தெரியாது.

அடுத்து பலரும் தொடுவது, மென்பொருளே இன்டரப்ட் எழுப்பும் ‘இன்ட்’ கட்டளை. 48ஆம் வெக்டரை இன்ட் கட்டளையால் எழுப்பினால் நுழைவுப் பகுதி ஓடும், ஸ்டாக்கும் சரியாக அமையும், ஹேண்ட்லரும் ஓடும். பார்க்க நிஜம்போலவே இருக்கும். ஆனால் இந்தக் கட்டளை இன்டரப்ட் கொடியை மதிப்பதில்லை. கொடி மூடியிருந்தாலும் உள்ளே போய்விடும். ஏபிக் வழியாக வராததால் ஐஎஸ்ஆரில் பிட் எரியவும் எரியாது. இப்போது ஹேண்ட்லர் முடிவில் வழக்கம்போல ஈஓஐ எழுதும். ஐஎஸ்ஆர் காலியாக இருந்தால் தப்பித்தோம். வேறொரு இன்டரப்டின் நடுவே நாம் இதைச் செய்திருந்தால், அணையக் கூடாத அந்த வேறொன்றின் பிட் அணைந்துவிடும். முன்னுரிமை வரிசை கலைந்து, எங்கேயோ ஒரு டைமர் தவறான நேரத்தில் உள்ளே நுழையும். அப்புறம் அதைக் கர்னலின் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் தேட வேண்டியதுதான்.

லினக்ஸ் கர்னலே இதற்கு ஒரு முறையான வாசல் வைத்திருக்கிறது. தேவையான கட்டமைப்புத் தெரிவுகளோடு தொகுத்திருந்தால், பிழைதேடலுக்கான டீபக்எஃப்எஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு ஐஆர்க்யூவுக்கும் (கர்னல் ஓர் இன்டரப்ட் தடத்துக்குக் கொடுக்கும் எண்ணுக்கும்) ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘டிரிகர்’ என்று எழுதினால் அந்த இன்டரப்ட் எழும். ஆர்ம் பிராசஸர்களில் இது அழகாக அமைகிறது. அங்குள்ள ஜிஐசி இன்டரப்ட் கன்ட்ரோலரில், ஓர் இன்டரப்டைக் காத்திருக்கும் நிலைக்குத் தள்ளுவதற்கென்றே ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அதில் எழுதிவிட்டால் மீதியை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். எக்ஸ்86இல் அப்படி ஒரு வசதி இல்லை. அதே வெக்டரை, அந்த இன்டரப்ட் போய்ச் சேர வேண்டிய கோருக்கே கோர்களுக்கு இடையிலான செய்தியாக அனுப்புகிறார்கள். ஐஆர்ஆர், ஐஎஸ்ஆர் கணக்கெல்லாம் அப்போது சரியாகவே நடக்கும்.

இந்த வாசல் பொறுப்போடு அமைந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் பிழைகளைப் போலியாக உண்டாக்கும் சோதனைக் கருவி ஒன்று, இன்டரப்ட் கையாளும் பொது ஃபங்ஷனைச் சாதாரண ப்ராசஸ் சூழலிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்86இல் ஓர் இன்டரப்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றும் வேலை, அந்த இன்டரப்ட் வரும் தருணத்தையே நம்பி நடப்பது உண்டு. பொய்யாகக் கூப்பிட்டால் அந்தக் கணக்கு கெடும். 2020இல், 5.7 பதிப்பில், இதற்கென்றே பாதுகாப்பான பொது ஃபங்ஷன் ஒன்று கர்னலுக்குள் வந்தது. சோதனைக் கருவியே பிழைக்குக் காரணமாவது இந்தத் துறையில் சாதாரணம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசர்தான். கர்னலுக்குத் தான் சோதிக்கப்படுகிறோம் என்பதே தெரியாது. 2005இல் வந்த, இன்டெலின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸில், மெய்நிகர் இயந்திரத்துக்குள் நுழையும்போது என்ன நிகழ்வைப் புகுத்த வேண்டும் என்று சொல்வதற்கு 32 பிட்டில் ஓர் இடம் இருக்கிறது. கீழ் 8 பிட்கள் வெக்டர். அடுத்த 3 பிட்கள் வகை: வெளியிலிருந்து வரும் சாதாரண இன்டரப்ட் என்றால் 0, என்எம்ஐ என்றால் 2, பிராசஸர் தானே எழுப்பும் பிழை அறிவிப்பான எக்ஸெப்ஷன் என்றால் 3. அதற்கு அடுத்த பிட், ஸ்டாக்கில் பிழைக்குறியையும் தள்ள வேண்டுமா என்பதைச் சொல்லும். உச்சியில் உள்ள 31ஆம் பிட் எரிந்தால்தான் மொத்தமும் செல்லுபடியாகும். ஆக, 48ஆம் வெக்டரைப் புகுத்த பதினாறடிமானத்தில் 80000030 என்று எழுத வேண்டும்; என்எம்ஐக்கு 80000202. ஏஎம்டியிலும் இதே மாதிரியான ஓர் இடம் உண்டு.

இங்கே வன்பொருள் ஒரு காவலும் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் கர்னல் இன்டரப்ட் கொடியை மூடி வைத்திருக்கும்போது வெளி இன்டரப்ட் புகுத்தச் சொன்னால், மெய்நிகர் இயந்திரத்துக்குள் நுழைவதே தோற்றுப்போகும். கொடி திறக்கும் கணத்தில் என்னிடம் திரும்பி வா என்று ஹைப்பர்வைசர் கேட்டுவைத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் எக்ஸெப்ஷன்களுக்கு இந்தக் காவல் கிடையாது. பேஜ் ஃபால்ட் நடக்காத இடத்தில் பேஜ் ஃபால்ட் நடந்ததாகச் சொல்லிப் புகுத்தினாலும் பிராசஸர் ஏன் என்று கேட்காது. இந்த வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்முக்காக எழுதப்பட்ட யூனிட் டெஸ்ட் தொகுப்பு இதையெல்லாம் பார்க்கச் சுலபமான இடம். அதில் உள்ள ஒவ்வொரு சோதனையும் தனியாக பூட் ஆகும் குட்டிக் கர்னல். ஏபிக், நிகழ்வு புகுத்தல், என்எம்ஐ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அவை சோதிப்பது ஹைப்பர்வைசரைத்தான் என்றாலும், சோதனையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரிகள்.

எப்போது விழ வேண்டும்

ஒரு டிரைவர், பாக்கெட் வரிசை ஒன்றைத் தொடுவதற்காக ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்க வைக்கும் பூட்டு) எடுக்கிறது. இன்டரப்டை மூடவில்லை, மறந்துவிட்டார்கள். லாக் எடுத்த அடுத்த கட்டளையிலேயே, அதே கோரில், அதே கார்டின் இன்டரப்ட் வந்து விழுகிறது. ஹேண்ட்லரும் அதே வரிசையைத் தொட வேண்டும்; அதே லாக்கைக் கேட்டுச் சுற்ற ஆரம்பிக்கிறது. லாக் வைத்திருப்பவர் ஓட வேண்டுமானால் ஹேண்ட்லர் முடிய வேண்டும். ஹேண்ட்லர் முடிய வேண்டுமானால் லாக் விடுபட வேண்டும். அந்தக் கோர் அத்தோடு முடிந்தது. அதே இன்டரப்ட் பக்கத்துக் கோரில் விழுந்திருந்தால்? சில நூறு நானோவினாடி காத்திருந்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் போயிருக்கும். இதனால்தான் இந்த வகைப் பிழை வருடக்கணக்கில் மாட்டாமல் உலாவுகிறது.

இதைப் பிடிக்க, ஒவ்வொரு கட்டளைக்கு நடுவிலும் ஓர் இன்டரப்ட் புகுத்திப் பார்த்தால் என்ன? 1000 கட்டளை உள்ள ஒரு பகுதிக்கு 1001 இடங்கள். 1001 முறை ஓட்டினால் முடிந்தது, ஒன்றும் மலைப்பில்லை. இரண்டு இன்டரப்ட்கள் இரு வேறு இடங்களில் விழும் சேர்க்கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் 5,00,500 ஓட்டங்கள். மூன்று என்றால் 16 கோடியைத் தாண்டும். கணக்கு கையை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே இடங்களை வடிகட்ட வேண்டும். ஹேண்ட்லரும் மற்ற குறியீடும் பொதுவாகத் தொடும் நினைவகம் எது என்று பார்த்து, அதைத் தொடும் கட்டளைகளுக்கு முன்னும் பின்னும் மட்டும் புகுத்தினால் போதும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே பொது விஷயம் எதுவும் மாறவில்லை என்றால், இன்டரப்ட் முதலாவதற்குப் பின் விழுந்தாலும் இரண்டாவதற்குப் பின் விழுந்தாலும் விளைவு ஒன்றுதான். அப்படி 20 இடங்கள்தான் தேறும் என்றால், இரண்டு இன்டரப்ட் சேர்க்கைகள் 190ஆகச் சுருங்கும். இதை ஓட்டிப் பார்க்க, ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஓடும் இயந்திரம் வேண்டும். நிஜ பிராசஸர் அப்படி ஓடாது. கணினியையே மென்பொருளால் போலச்செய்யும் எமுலேட்டரான கியூஎமுவில் கட்டளைகளை எண்ணியே நேரத்தை நகர்த்தும் முறை ஒன்று இருக்கிறது. ஓட்டத்தைப் பதிவு செய்து மறுபடி ஓட்டவும் வழி உண்டு. பிழை ஒருமுறை மாட்டிவிட்டால், அதே இடத்தில் அதே பிழையை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கலாம். டைக்ஸ்ட்ரா பயந்தது இது இல்லாத உலகத்தைப் பார்த்துத்தான்.

மேலே சொன்ன லாக் பிழைக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. 2006இல் 2.6.18 பதிப்போடு லினக்ஸில் வந்த, லாக்குகளைக் கண்காணிக்கும் லாக்டெப், இன்டரப்ட் அந்த இடுக்கில் விழ வேண்டும் என்று காத்திருப்பதில்லை. ஒரு லாக்கை ஹேண்ட்லருக்குள் எப்போதாவது எடுத்தார்களா, அதே லாக்கை இன்டரப்ட் திறந்திருக்கும்போது வேறெங்காவது எடுத்தார்களா என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்கும். இரண்டும் வெவ்வேறு நாழிகையில் நடந்திருந்தாலும் போதும், கத்திவிடும். இன்டரப்ட் புகுத்தலின் வேலை இங்கே வேறு மாதிரி: அபூர்வமாக மட்டுமே ஓடும் ஹேண்ட்லர்களை ஒருமுறையாவது ஓடவைத்து, லாக்டெப் கண்ணில் காட்டிவிடுவது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாமல் புகுத்தலை மட்டும் நம்புவது வீண் செலவு என்பேன்.

இன்னொரு பள்ளி, இடுக்குகளையே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்கிறது. 2009இல் சரி என்று கணித முறையில் நிறுவப்பட்ட செல்4 மைக்ரோகர்னல், சுமார் 8,700 வரி சி நிரல், கர்னலுக்குள் இருக்கும்போது இன்டரப்டை மூடியே வைத்துக்கொள்கிறது. நீண்ட வேலைகளின் நடுவே, தானே தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் யாராவது காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். சோதிப்பவருக்கு வேலை மிச்சம். ஆனால் எல்லாக் கர்னலாலும் அப்படி இருந்துவிட முடியாது.

வரவே முடியாத இன்டரப்ட்

கண்டபடி புகுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் ரெகர் 2005இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பாடம். சென்சார் வலைகளில் ஓடும் டைனிஓஎஸ் நிரல்களைத் தாறுமாறான இன்டரப்ட்களால் தாக்கிப் பார்க்கும் முறையை அவர் ஆராய்ந்தார். அதில் முதலில் எழும் சிக்கல் இது: சாதனத்திடம் எதுவுமே கேட்காத நேரத்தில் ‘நீ கேட்டது முடிந்துவிட்டது’ என்று ஓர் இன்டரப்ட் வந்தால், நிரல் குழம்பத்தான் செய்யும். ஹேண்ட்லருக்குள் ஹேண்ட்லராகப் போய் ஸ்டாக்கும் நிரம்பும். அதெல்லாம் நிரலின் பிழைகளா, சோதனையின் பிழைகளா? அவர் சொன்ன தீர்வு, நிரலும் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது. தான் எதிர்பார்க்கும் இன்டரப்டை மட்டும் திறந்து வைப்பது, எதிர்பார்ப்பு முடிந்ததும் மூடிவிடுவது. அதன்பின் திறந்திருக்கும் வாசலில் எப்போது வேண்டுமானாலும் புகுத்தலாம். வந்து விழும் பிழையெல்லாம் நிஜப் பிழை.

சரி, கேட்காமலே வரும் இன்டரப்ட் நிஜத்தில் கிடையவே கிடையாதா? தாராளமாக உண்டு. ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொண்டால், பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்டுக்கு உங்கள் ஹேண்ட்லரும் ஓடும். அது தன் சாதனத்தைப் பார்த்து, ‘இது எனக்கில்லை’ என்று சொல்லித் திரும்ப வேண்டும். கர்னல் ஒன்று நொறுங்கி, நினைவகப் பிரதி எடுப்பதற்காக இரண்டாவது கர்னல் பூட் ஆகும்போது நிலைமை இன்னும் மோசம். பழைய கர்னல் விட்டுச்சென்ற சாதனங்கள் இன்னும் உயிரோடு இருக்கும். புது டிரைவர் இன்டரப்டுக்குப் பதிவு செய்த அதே நொடியில், தன் கட்டமைப்புகளைத் தயார் செய்வதற்கு முன்பே, ஒன்று வந்து கதவைத் தட்டலாம்.

இதற்காகவே லினக்ஸில் ஒரு பிழைதேடல் தெரிவு இருக்கிறது. பகிர்வு இன்டரப்டுக்கான பதிவை ஒரு டிரைவர் நீக்கும்போது, இன்டரப்ட் எதுவும் வராமலே அதன் ஹேண்ட்லரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். பதிவு செய்ததும் ஒருமுறை கூப்பிடும் வழக்கமும் முன்பு இருந்தது, 2011இல் அதை முடக்கிவிட்டார்கள். நினைவகத்தை விடுவித்துவிட்டு அதற்குப்பின் பதிவை நீக்கும் டிரைவர்கள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இவ்வளவு சின்ன சோதனை இத்தனை உபயோகமாக இருப்பது அபூர்வம்.

யாருமே ‘இது எனக்கு’ என்று சொல்லாத இன்டரப்டுக்கும் லினக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு ஐஆர்க்யூவில் வந்த 1,00,000 இன்டரப்ட்களில் 99,900க்கு மேல் அநாதையாகப் போனால், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். இதைச் சோதிக்க அநாதை இன்டரப்டைக் கொத்துக் கொத்தாகப் புகுத்த வேண்டும். கம்பி மூடப்படுகிறதா, மற்றவை பாதிக்காமல் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பியை நேர்மையான ஒரு சாதனமும் பகிர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து ஊமையாகிவிடும். அது பிழையல்ல, தெரிந்தே செய்த சமரசம். சோதனை எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிய வேண்டும்.

என்எம்ஐ

இன்டரப்ட் கொடி மூடியிருந்தாலும் என்எம்ஐ வரும். கர்னலின் எந்தக் கட்டளைக்கு நடுவிலும், லாக் கையில் இருக்கும்போதும், ஸ்டாக் மாற்றிக்கொண்டிருக்கும் அரைகுறை நிலையிலும் வரும். ஒரு என்எம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்ததை பிராசஸர் தடுத்து வைக்கிறது. இன்டரப்டிலிருந்து திரும்ப உதவும் ‘ஐரெட்’ கட்டளை ஓடியதும் தடை நீங்குகிறது. சிக்கல் அந்த ஐரெட்டில்தான். என்எம்ஐ ஹேண்ட்லருக்குள்ளேயே ஒரு பிரேக்பாயிண்டோ (பிழைதேடுவதற்காக ஓட்டத்தை நிறுத்தும் இடம்) பேஜ் ஃபால்ட்டோ வந்தால், அதுவும் முடிந்து திரும்புவது ஐரெட் வழியாகத்தான். எதற்கான ஐரெட் என்று பிராசஸருக்குத் தெரியாது. தடை நீங்கிவிடும். அடுத்த என்எம்ஐ அதே தனி ஸ்டாக்கின் உச்சியிலிருந்து எழுத ஆரம்பித்து, முதல் என்எம்ஐ எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பின் மேலேயே எழுதிவிடும்.

இதற்கு 2012இல் ஸ்டீவன் ராஸ்டட் கொடுத்த தீர்வு லினக்ஸின் 3.3 பதிப்பில் சேர்ந்தது: ஸ்டாக் சட்டகத்தைப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளும் நுணுக்கமான அசெம்பிளி. அதிலும் ஓட்டைகள் இருப்பதை ஆண்டி லூடோமிர்ஸ்கி 2015இல் காட்டினார். அவற்றில் ஒன்றை வைத்துச் சாதாரணப் பயனரே உயர் அதிகாரம் பெற முடிந்தது. மூன்று வருடம் உலகம் முழுக்க ஓடிய குறியீடு. கியூஎமு மானிட்டரில் ‘என்எம்ஐ’ என்று தட்டினாலே ஒன்றைப் புகுத்திவிடலாம்தான். ஆனால் கையால் தட்டி இந்த இடுக்கைப் பிடிக்க முடியாது. என்எம்ஐ ஹேண்ட்லருக்குள் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, அதன் ஐரெட்டுக்கு அடுத்த ஒவ்வொரு கட்டளையிலும் இரண்டாவது என்எம்ஐயைப் புகுத்தும் சோதனை வேண்டும்.

உயிரோடு இருந்தால் போதுமா

கர்னல் நொறுங்கவில்லை என்பது மட்டுமே தேர்ச்சி என்று வைத்தால் பாதிப் பிழைகள் தப்பிவிடும். நான் சிபாரிசு செய்யும் எளிய சோதனை ஒன்று: பயனர் நிலையில் ஒரு நிரல், எல்லா ரெஜிஸ்டரிலும், பல எண்களை ஒருசேரக் கையாளும் வெக்டர் ரெஜிஸ்டர்கள் உட்பட, தெரிந்த எண்களை நிரப்பிவிட்டு ஒரு காலி வளையத்தில் சுற்றட்டும். வெளியிலிருந்து இன்டரப்ட்கள் மழையாகப் பொழியட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று அது பார்க்கட்டும். ஒரே ஒரு பிட் மாறினாலும் நுழைவு அல்லது வெளியேற்றப் பாதையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். கர்னல் பதிவேட்டில் ஒரு வரிகூட வராத பிழை இது.

மழை என்றதும் இன்னொன்று. 1996இல் மோகலும் ராமகிருஷ்ணனும் விவரித்த லைவ்லாக்கில் கர்னல் நொறுங்குவதே இல்லை. பாக்கெட்கள் வரும் வேகம் ஓர் அளவைத் தாண்டியதும், மொத்த நேரமும் இன்டரப்ட் கையாள்வதிலேயே போய், ஒரு பாக்கெட்கூடப் போக வேண்டிய நிரலுக்குப் போய்ச்சேராது. லினக்ஸின் நாபி முறை இதற்கு மாற்று: முதல் இன்டரப்ட் வந்ததும் அடுத்தவற்றை மூடிவிட்டு, ஒரு தடவைக்கு வழக்கமாக 64 பாக்கெட் வரை தானே போய் எடுத்துக்கொள்ளும். ஆக, புயல் சோதனையில் பார்க்க வேண்டியது கர்னல் மூச்சு விடுகிறதா என்பதை அல்ல, பயனர் நிரல் முன்னேறுகிறதா என்பதை.

தாமதத்தை அளப்பதற்கு மட்டும் எமுலேட்டர் பக்கம் போகாதீர்கள். 2024இல் 6.12 பதிப்போடு நிகழ்நேர முறை லினக்ஸின் மைய மூலத்தில் சேர்ந்தபின் மைக்ரோவினாடிக் கணக்குப் பேசுவோர் கூடியிருக்கிறார்கள். எமுலேட்டர் காட்டும் மைக்ரோவினாடிக்கு அர்த்தம் இல்லை. நிஜப் பலகையில் ஜிபிஐஓ என்ற பொது உள்ளீட்டு-வெளியீட்டு முனை ஒன்றில் துடிப்பைக் கொடுத்து, இன்னொரு முனையில் பதில் வரும் நேரத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதே நம்பத்தக்கது.

புகுத்துபவர் எதிரியாக இருந்தால்

இதுவரை புகுத்தியவர் நம் ஆள். ஏஎம்டியின் செவ்-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்ற ரகசியக் கணிப்பு வசதிகளில் ஹைப்பர்வைசரையே நம்பக் கூடாது என்பது அடிப்படை. நினைவகம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், ரெஜிஸ்டர்களை வெளியிலிருந்து படிக்க முடியாது. ஆனாலும் இன்டரப்டைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? அதே ஹைப்பர்வைசர்தான்.

சூரிக் ஈடிஎச் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஹெக்லர் தாக்குதல் இந்த இடத்தில்தான் கை வைத்தது. லினக்ஸில் 128ஆம் வெக்டர், 32 பிட் நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்க, அதாவது சிஸ்டம் கால் செய்யப் பயன்படுத்தும் பழைய வாசல். பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கும் சரியான கணத்தில் ஹைப்பர்வைசர் 128ஐப் புகுத்தினால், அந்த நிரல் தானே சிஸ்டம் கால் கேட்டதாகக் கர்னல் எடுத்துக்கொள்ளும். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி, நிரலின் ரெஜிஸ்டரில் வைத்துத் திருப்பி அனுப்பும். அந்த ரெஜிஸ்டரில் அப்போது இருந்தது கடவுச்சொல் சரியா என்ற விடையாக இருந்தால்? தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ இரண்டின் அடையாளச் சோதனையையும் இப்படித் தாண்டிக் காட்டினார்கள். அதே குழுவின் வீசீ தாக்குதல் செவ்-எஸ்என்பியில் 29ஆம் வெக்டரைப் புகுத்தியது. அது எக்ஸெப்ஷன். நடக்காத எக்ஸெப்ஷனையும் பிராசஸர் ஏன் என்று கேட்காமல் கொண்டு சேர்த்தது இங்கே வினையானது.

2023 டிசம்பரில் லினக்ஸ் போட்ட திருத்தத்தைப் பார்த்தால், பழைய ஐஎஸ்ஆர் பிட் மறுபடி எட்டிப் பார்க்கிறது. நிரல் தானே இன்ட் கட்டளையால் வந்திருந்தால் ஐஎஸ்ஆரில் 128ஆம் பிட் எரியாது. எரிந்தால் அது வெளியிலிருந்து வந்தது. சோதனைக்கு இன்ட் கட்டளையைத் தகுதியற்றதாக்கிய அதே குணம், இங்கே உண்மையையும் பொய்யையும் பிரிக்கும் அடையாளம் ஆகிவிட்டது. ஆனால் இந்தச் சோதிப்பு, ஏபிக்கின் கணக்கு நம்பகமான கையில் இருந்தால்தான் செல்லும். மெய்நிகர் ஏபிக்கை நம்பகமான பகுதியே நிர்வகிக்கும் டிடிஎக்ஸில் அது போதுமானதாக இருந்தது. செவ் இயந்திரங்களில் 32 பிட் வாசலையே இயல்பாக மூடிவிட்டார்கள்.

வெளியிலிருந்து 128 வந்ததாகத் தெரிந்தால் கர்னல் என்ன செய்யும்? வேண்டுமென்றே பேனிக் ஆகி நின்றுவிடும். ஆக, இந்தச் சோதனையில் நொறுங்கினால் தேர்ச்சி, தொடர்ந்து ஓடினால் தோல்வி. மற்ற சோதனைகளோடு ஒரே இயந்திரத்தில் இதைச் சேர்த்து ஓட்ட முடியாது. தனியாக ஒரு மெய்நிகர் இயந்திரம் பூட் செய்து, ஒரே ஒரு 128ஐப் புகுத்தி, கன்சோலில் வந்த பேனிக் செய்தி இந்தக் காரணத்துக்கானதுதானா, அல்லது போகிற போக்கில் மாட்டிய வேறொரு பிழையா என்று வரியைப் படித்துப் பார்த்துத்தான் தேர்ச்சி போட வேண்டும்.